ஒரே தொடரைப் பார்க்கிறவர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான்கு வருடமாக ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் குழுவில் இருக்கிறீர்கள். போன சீசனின் கடைசி எபிசோடில் ஒரு பாத்திரம் எடுத்த முடிவு நியாயமானதுதான் என்று எழுதினீர்கள். அந்தக் குழுவிலேயே உங்களுக்கு மிக நெருக்கமானவர், "இத்தனை வருடம் பார்த்தும் உனக்கு இந்தத் தொடர் புரியவே இல்லை" என்று எல்லார் முன்னாலும் பதில் போட்டார். நீங்கள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இரண்டே நாளில் குழு இரண்டு கோஷ்டியாகிவிட்டது. வளர்ந்த மனிதர்கள் ஒரு சீரியலுக்காக இப்படிச் சண்டை போடுவார்களா, இது அவருடைய குணக்கோளாறா, நான் வெளியேறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நான்கு வருடம் தினமும் பேசிய மனிதரை நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேனா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் படித்தது தகவல்தொடர்பியல். 11 வருடமாக வெவ்வேறு தொடர்களின் ரசிகர் குழுக்களில் அட்மினாக இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சண்டை விலக்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் எனக்குத் தனியாக அனுப்பிய புகார்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். ஆகவே இதில் ஆராய்ச்சி சொல்வது எது, என் அனுபவம் மட்டும் சொல்வது எது என்று பிரித்துத் தருகிறேன். உங்கள் நண்பர் பக்கத்துக் கதையை நான் கேட்கவில்லை. அவரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இது உங்கள் குழுவுக்கு மட்டும் வந்த நோய் இல்லை, புதிதும் இல்லை. 1990-களில் எக்ஸ் ஃபைல்ஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் இரண்டு முக்கியப் பாத்திரங்களும் காதலிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று இன்னொரு கூட்டம், வருடக்கணக்காக இணையத்தில் மல்லுக்கு நின்றன. காதல் கேட்டவர்களுக்கு 'ஷிப்பர்' என்ற பேர் வந்ததே அங்கேதான். ரிலேஷன்ஷிப் என்ற சொல்லின் வாலைப் பிடித்து உண்டாக்கிய பேர் அது. எதிர்த்தவர்கள் 'நோரோமோ'. இன்றைக்கு எந்தத் தொடரின் ரசிகரும் ஷிப் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருந்தது பலருக்குத் தெரியாது.

ஆனால் இணையம் என்றாலே சண்டைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே 1990-களின் தொடக்கத்தில் நான்சி பேம் என்ற ஆய்வாளர், பகல்நேர சீரியல்களைப் பற்றி யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரிய குழுவின் செய்திகளை எடுத்து ஆராய்ந்தார். அங்கே இருந்தவர்கள் மாற்றுக் கருத்தைச் சொல்லும்போது அதை எப்படியெல்லாம் பதப்படுத்திச் சொன்னார்கள் என்பது அவர் கண்ட முக்கியமான விஷயம். முதலில் எதிராளி சொன்னதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்வார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று தன் பார்வையாக வைப்பார்கள். முகம் தெரியாது, வெறும் எழுத்து, பேச்சு சீரியலைப் பற்றி, அத்தனையும் இன்றைக்கு இருப்பதுதான். இருந்தும் அது அடிதடியாகவில்லை. சீரியலைப் பலவிதமாகப் புரிந்துகொள்வதே அந்தக் குழுவின் சுவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது என்பது பேமின் வாதம். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்தக் குழுவில் 'சரியான விளக்கம்' ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்ற எண்ணம் புகுந்துவிடுகிறதோ, அங்கே சண்டை வாசலில் வந்து நிற்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தச் சண்டைகளைப் பார்க்கிறவர்கள் 'அவருக்கும் இவருக்கும் குணம் ஒத்துப்போகவில்லை' என்பார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு சண்டையில் ஒத்துப்போகாதது குணம் இல்லை, பார்க்கும் விதம். ஒரே தொடரை இரண்டு பேர் இரண்டு வேலைக்காகப் பார்க்கிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை.

ஒரு சண்டையை அப்படியே சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு குடும்பத் தொடர். ஒன்பதாவது எபிசோடில் வயதான அம்மா ஒரு பழைய கடிதத்தை அடுப்பில் போட்டு எரிக்கிறாள். எரிந்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எபிசோடு முடிந்த அரை மணி நேரத்தில் ஒருவர் எழுதினார்: "இரண்டாவது எபிசோடில் இந்தக் கடிதம் வக்கீலிடம் இருந்தது. வீட்டுக்கு எப்படி வந்தது? எழுதியவர்களுக்கே ஞாபகம் இல்லை." அடுத்து ஒரு பெண் எழுதினார்: "அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து என்னால் தாங்க முடியவில்லை. இந்தத் தொடரிலேயே எனக்கு இதுதான் சிறந்த காட்சி." முதல் ஆள் அதற்கு, "அழுகை வந்துவிட்டால் ஓட்டை அடைந்துவிடாது" என்றார். அவ்வளவுதான். விடிவதற்குள் இருநூறு மெசேஜைத் தாண்டிவிட்டது. கல் நெஞ்சுக்காரர் என்று அவருக்குப் பேர், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறவர் என்று இவருக்குப் பேர்.

இரண்டு பேரும் எனக்குத் தனியாக எழுதினார்கள். அந்தப் பெண் அதற்கு மூன்று மாதம் முன்புதான் தன் அம்மாவை இழந்திருந்தார். அம்மாவின் பொருட்களைப் பிரிக்கும்போது அதே மாதிரி ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆளோ முதல் எபிசோடிலிருந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறவர். பாத்திரங்களின் வயது, வருடக் கணக்கு, யாரிடம் எந்தப் பொருள் இருக்கிறது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அந்தத் தொடரை அவர் மதித்த விதம் அது. கடிதம் இடம் மாறியது அவருக்குத் தொடரே தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. ஒருவர் சட்டையின் தையலைப் பார்த்தார், மற்றவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். இதில் யார் தொடரை அதிகமாக நேசித்தார் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தையலைப் பார்க்கிறவர், போட்டுக்கொள்கிறவர் என்று இரண்டு வகையோடு இது நிற்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று துப்புத் துலக்குவதற்காகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை ஒரு புதிர். விடை தாங்கள் யோசித்ததைவிட மட்டமாக இருந்தால் மனம் உடைந்துபோவார்கள். இரண்டு பாத்திரங்கள் சேர வேண்டும் என்ற ஒரே ஆசையில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இயக்குநர் யார், எந்த எபிசோடை யார் எழுதினார், எந்த நடிகர் ஏன் விலகினார் என்று திரைக்குப் பின்னால் நடப்பதையே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு வகை உண்டு, அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்று ராத்திரி குழுவில் பேச விஷயம் வேண்டும் என்பதற்காகத் தொடரைப் பார்க்கிறவர்கள். அவர்களுக்குத் தொடர் ஒரு சாக்கு, மனிதர்கள்தான் முக்கியம். குழு உடைந்தால் மிக அதிகமாக அடிபடுகிறவர்களும் இவர்களே. உங்கள் கேள்வியைப் படித்தபோது, நீங்கள் இந்தக் கடைசி வகையோ என்று தோன்றியது. அந்தப் பாத்திரம் என்ன முடிவு எடுத்தது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். நண்பர் என்ன சொன்னார் என்பதைத்தான் நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே காட்சியை இரண்டு பேர் இரண்டாகப் பார்ப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரி அணிகளுக்கு இடையே ஒரு முரட்டு அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதே ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தவறுகளை எண்ணச் சொன்னார்கள். 1954-இல் வெளியான அந்தக் கட்டுரைப்படி, டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியவை, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். படச்சுருள் ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை. தான் பார்த்ததுதான் அங்கே இருந்தது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அப்படி நம்புகிறவருக்கு, வேறு மாதிரி பார்த்தவர் ஒன்று முட்டாளாகத் தெரிவார், இல்லையென்றால் வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறவராகத் தெரிவார். 'உனக்குப் புரியவே இல்லை' என்ற வார்த்தை அங்கிருந்துதான் வருகிறது.

இதோடு பாசமும் சேர்ந்துகொள்கிறது. திரையில் தோன்றும் மனிதர்களிடம் பார்வையாளர்களுக்கு நேரில் பழகியவரிடம் போன்ற நெருக்கம் உண்டாகிறது என்று ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதினார்கள். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. அந்தக் கருத்து இன்றுவரை நிற்கிறது. ஐந்து சீசன், அறுபது எபிசோடு ஒரு பாத்திரத்தோடு இருந்தவரிடம் போய் 'அவள் ஒரு சுயநலக்காரி' என்று சொல்வது, அவருக்கு வேண்டப்பட்ட ஒருவரை அவர் முன்னாலேயே திட்டுவது போல. கற்பனைப் பாத்திரம்தானே என்று சமாதானம் சொன்னால் இன்னும் வலிக்கும். அவருக்கும் அது கற்பனை என்று தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. பலர் ஒரு பாத்திரத்தில் தங்களையே பார்க்கிறார்கள். பொய் சொல்லித் தம்பியைக் காப்பாற்றிய அக்காவை நீங்கள் குறை சொல்லும்போது, தன் வீட்டில் அதையே செய்த ஒரு பெண் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது.

சரி, எழுத்து மட்டும் என்பதால் எவ்வளவு கெடுகிறது? கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். க்ரூகர், எப்லி முதலியோர் 2005-இல் வெளியிட்ட சோதனைகளில், கிண்டலாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பதை மின்னஞ்சலைப் படிக்கிறவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது சுமார் 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதையே குரலில் சொன்னபோது கண்டுபிடித்தவர்கள் கணிசமாக அதிகம். அது கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சோதனை. வருடக்கணக்காகப் பேசிப் பழகியவர்கள் இதைவிட நன்றாகவே ஒருவரையொருவர் படிப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் அதே கட்டுரையில், நண்பர்களுக்குள் அனுப்பினாலும் அந்நியர்களுக்கு அனுப்பினாலும் இந்த அளவுகடந்த நம்பிக்கை குறையவில்லை என்றும் வந்திருந்தது. என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. நெருங்கியவர்கள்தான் 'என் தொனி அவருக்குத் தெரியும்' என்று காரமாக எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

முகமூடிப் பேர் வைத்துக்கொள்வதால்தான் இத்தனை வம்பு என்று பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மனத்தடை தளர்கிறது என்பதற்கு ஜான் சூலர் 2004-இல் விரிவாகக் காரணங்கள் எழுதினார். அடையாளம் மறைந்திருப்பது அதில் ஒன்று மட்டும்தான். 2012-இல் இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனையில், பேர் தெரியாமல் இருப்பதைவிடக் கண்ணோடு கண் பார்க்க முடியாமல் இருப்பதுதான் கடுஞ்சொல்லுக்கு அதிகம் வழிவிட்டது. உங்கள் குழுவில் எல்லாருக்கும் எல்லார் பேரும் தெரியும் என்கிறீர்கள். அப்படியும் இது நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

நேரமும் ஒரு காரணம், இது முழுக்க என் அனுபவம். எபிசோடு முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வெடிக்கும் சண்டைகளுக்கும், மூன்று நாள் கழித்து வரும் வாதங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதலாவதில் மனம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், கை தானாக டைப் அடிக்கும். முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிடும் முறை வந்தபின் இன்னொரு தலைவலி. ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடும் பார்த்தவரும், வாரம் ஒன்று பார்க்கிறவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். முன்னவர் வாய் தவறி ஒரு மரணத்தைச் சொல்லிவிடுவார், பின்னவர் தொடரையே விட்டுவிடுவதாகச் சொல்வார். முடிவு முன்பே தெரிந்தால் ரசனை கெடுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் அதிகமாக ரசித்திருந்தார்கள். 2015-இல் வந்த இன்னொன்று நேர்மாறாகச் சொன்னது. எது எப்படியோ, சொல்லிவிட்டவர் அந்த 2011 ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்து தன்னை நியாயப்படுத்தக் கூடாது. பறிபோனது ரசனையா இல்லையா என்பதைப் பறிகொடுத்தவர்தான் சொல்ல முடியும்.

அடுத்து இடம். குழுவில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சொல்கிறேன். இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆனால் பாதி சண்டை இதற்காகத்தான். 'முதல் சீசனிலிருந்து பார்க்கிறேன்' என்பது ஒரு பட்டம். 'மூல நாவலைப் படித்திருக்கிறேன்' என்பது இன்னொரு பட்டம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஓடிய 2011 முதல் 2019 வரை, நாவல் படித்தவர்களும் தொடர் மட்டும் பார்த்தவர்களும் தனித்தனியாகப் பேச இடம் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி சீசனை வேறு எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் 10 லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சீசன் பிடித்திருந்தது என்று அப்போது சொன்னவர்களின் நிலைமை இருக்கிறதே, அது மிகவும் பரிதாபம். டெரெக் ஜான்சன் என்ற ஆய்வாளர் 2007-இல் இதைத் தெளிவாக எழுதினார். பஃபி என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாவது சீசனை வைத்து ரசிகர்கள் பிரிந்ததைப் பார்த்து அவர் சொன்னது இது: எந்தக் காலகட்டம் தொடரின் பொற்காலம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமைக்காக ரசிகர்கள் போராடுகிறார்கள். எந்த சீசன் நன்றாக இருந்தது என்று தொடங்கும் பேச்சு, யார் உண்மையான ரசிகர் என்று முடிவது இதனால்தான். உங்கள் நண்பரின் வாக்கியத்தில் 'இத்தனை வருடம் பார்த்தும்' என்ற முன்பாதியைக் கவனியுங்கள். பின்பாதி உங்களைக் காயப்படுத்தியது. ஆனால் முன்பாதிதான் உங்கள் இடத்தைக் கேள்வி கேட்டது.

அப்படியானால் குணக்கோளாறு என்று ஒன்றே இல்லையா? இருக்கிறது. நூறு பேர் பேசும் குழுவில் மூன்று நான்கு பேர் சண்டைக்காகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சத்தமாகப் பேசுகிறவர்தான் அவர் என்று நினைப்பது பெரும்பாலும் தப்பு. சத்தம் போடுகிறவர் மறுநாள் வெட்கப்பட்டு வந்து பேசுவார். நான் பயப்படுவது வேறு ஆளுக்கு. எட்டு மாதம் முந்தைய ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துப் போடுகிறவர், தனியாகச் சொன்னதைப் பொதுவில் கொண்டுவருகிறவர், விஷயம் எதுவானாலும் ஒரே மனிதரையே குறி வைக்கிறவர். நான் கடைப்பிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. 'இந்த இடத்தில் நீங்கள் சொன்னது சரிதான்' என்று ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். வாதத்துக்காகப் பேசுகிறவர் அங்கே தணிவார். ஆளுக்காகப் பேசுகிறவருக்கு அது போதாது, அடுத்த குற்றத்துக்குத் தாவுவார். இதற்கு ஆய்வு ஆதாரம் எதையும் நான் காட்ட முடியாது, பார்த்துப் பார்த்துப் படிந்த அறிவு.

சாதாரண மனிதர்களும் சூழ்நிலை அமைந்தால் வம்புக்காரர் ஆவார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், மனநிலை கெட்டிருப்பதும், தனக்கு முன்னால் எழுதியவர்கள் ஏற்கனவே வம்பாக எழுதியிருப்பதும் ஒருவரை அந்தப் பக்கம் தள்ளின. இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆகவே இருபது மெசேஜை வைத்து ஒருவருக்கு மனநோய்ப் பேர் சூட்டுவதை நான் என் குழுக்களில் அனுமதிப்பதே இல்லை. 'நார்சிசிஸ்ட்', அதாவது தன்மோகம் பிடித்தவர், என்று இப்போது எடுத்ததற்கெல்லாம் சொல்கிறார்கள். நேரில் உட்கார்ந்து பல மணி நேரம் பேசி ஒரு மருத்துவர் சொல்ல வேண்டியதை, சீரியல் சண்டையில் தூக்கி எறிவது பெரிய அநியாயம்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதச் சண்டை முற்றியபோது, ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை மெசேஜையும் அழித்தேன். காலையில் எல்லாம் அமைதியாகிவிடும் என்று நம்பினேன். இருவருமே தங்கள் வார்த்தையைப் பறித்துவிட்டேன் என்று என்மேல் கோபப்பட்டார்கள். பத்திரப்படுத்தி வைத்திருந்த துண்டுத் துணுக்குகள் வேறு குழுக்களில் சுற்றின. முழு உரையாடல் அழிந்துவிட்டதால் அந்தத் துண்டுகள்தான் சாட்சி ஆயின. ஒரு வாரத்தில் முப்பது பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் அவசரமாக அழிப்பதில்லை. ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைக்கிறேன், யாரும் புதிதாக எழுத முடியாது, ஆனால் எழுதியது இருக்கும். குழுவின் விதிகளை மேலேயே எப்போதும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். 2019-இல் நேத்தன் மதையஸ் வெளியிட்ட சோதனையில், அறிவியல் பற்றிப் பேசும் ஒரு மிகப்பெரிய குழுவில் உரையாடலின் உச்சியிலேயே விதிகளை எழுதி வைத்தபோது, புதியவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது. சீரியல் குழுவில் அதே அளவு பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். என் குழுவில் நிச்சயம் உதவியது.

இப்போது உங்கள் விஷயம். வெளியேறுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நண்பர் இந்த நான்கு வருடத்தில் எழுதியதில் ஒரு இருபது முப்பது மெசேஜைத் திரும்பப் படியுங்கள், சண்டை மெசேஜ்களை விட்டுவிட்டு. அவர் எதை மேற்கோள் காட்டுகிறார், எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், எதற்கு ஏமாந்துபோகிறார் என்று பாருங்கள். ஒரு பாத்திரம் முதல் சீசனில் சொன்ன வார்த்தையை ஐந்தாவது சீசனில் காப்பாற்றியதா என்பதுதான் அவருக்கு எப்போதும் கவலையாக இருந்திருந்தால், அந்தக் கடைசி எபிசோடு அவருக்கு எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது நியாயமான முடிவுதான் என்று நீங்கள் எழுதியதை அவர் எந்த நேரத்தில் படித்தார் என்றும் பாருங்கள். இதனால் அவர் பேசியது சரியாகிவிடாது. எல்லார் முன்னாலும் சொன்னது தப்புதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் விடை கிடைக்கும். நான்கு வருடம் நீங்கள் பழகிய மனிதர் பொய்யானவர் இல்லை என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கதை இருவருக்கும் பிடித்தபடி போனவரை அது வெளியே தெரியவில்லை.

அப்புறம் பேசுங்கள். எழுதாதீர்கள், போனில் பேசுங்கள். குரலுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொன்னேன். யார் சரி என்று ஆரம்பிக்காதீர்கள். 'அந்த எபிசோடு உங்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது, எனக்குச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குறுக்கே பேசாமல் இருங்கள். உங்கள் கருத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு நீங்கள் ஏதாவது காரமாகச் சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் கேளுங்கள். எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னது கஷ்டமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் பேச்சைப் பற்றி உங்கள் கோஷ்டியில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லாதீர்கள். ஆதரவாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள். ஆனால் நீங்கள் சமாதானமாகிவிட்டால் உங்களுக்காகச் சண்டை போட்ட அவர்களுக்குச் சங்கடம். சமாதானத்தை முதலில் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

போனில் பேசியதை அவர் பொதுவில் எழுதிவிட்டால், அல்லது நீங்கள் விட்டுக்கொடுத்த பிறகும் அடுத்த குற்றச்சாட்டுக்குத் தாவினால், அங்கே நிறுத்திவிடுங்கள். அப்போது வெளியேறுவதில் தப்பே இல்லை. வெளியேறினால் அறிவிப்புப் போடாமல் வெளியேறுங்கள். 'நான் போகிறேன்' என்ற நீளமான கடிதம் ஒவ்வொன்றும் இன்னொரு சண்டையைத் தொடங்கி வைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். முக்கியமான இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும்.

அந்தக் கடிதக் காட்சிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு அம்மா இறந்த விஷயம் அந்த ஆளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் அனுமதி கேட்டு நான்தான் சொன்னேன். அன்று மாலையே அந்த ஆள் தன் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். அந்த அம்மா பாத்திரம் முதல் எபிசோடிலிருந்து எங்கெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்து வைத்திருந்த பக்கம். ஏழு இடம். கடிதம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதில் மட்டும் அவர் இன்றுவரை இறங்கி வரவில்லை, அந்தப் பெண்ணும் இப்போது அவரை விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை.

உங்கள் தொடரின் புது சீசன் வரப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொடங்குவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். முதல் எபிசோடு வரும் ராத்திரி மட்டும் வேண்டாம்.